60 மீட்டர் தள்ளியிருக்கும் மாட்டுக் கொட்டகைக்கு மின்சாரம்

கேள்வி: வீட்டிலிருந்து 60 மீட்டர் தள்ளி மாட்டுக் கொட்டகை இருக்கிறது. 2.5 ஸ்கொயர் (சதுர மி.மீ. தடிமன்) செம்பு ஒயரைத் தென்னை மரங்களில் கட்டி இழுத்திருக்கிறேன். லைட் எரிகிறது, 2 எச்.பி. தட்டு (மாட்டுத் தீவனத் தட்டை) வெட்டும் மெஷின் மட்டும் உறுமிக்கொண்டு நிற்கிறது. பக்கத்திலுள்ள பம்ப்செட் சர்வீஸிலிருந்து எடுக்கலாமா?

பதில்: மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு, ஒயர்தான் போதவில்லை. 2 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 11 ஆம்பியர் எடுக்கும். ஸ்டார்ட் ஆகும் நேரத்தில் அதுபோல ஐந்தாறு மடங்கு. போக வர 120 மீட்டர் ஒயர். 2.5 ஸ்கொயரில் அந்த நேரத்தில் 50 வோல்ட் வரை வழியிலேயே போய்விடும். 6 ஸ்கொயர் செம்பு போட்டால் இழப்பு 22 வோல்ட்டுக்குள் அடங்கும். 10 ஸ்கொயர் அலுமினிய ஆர்மர்டு (இரும்புக் கவசம் சுற்றிய) கேபிளும் இதற்குச் சமம்தான், விலையும் குறைவு. மூன்று கோர் (பேஸ், நியூட்ரல், எர்த்துக்கு ஒவ்வொன்று) வாங்குங்கள். முனைகளில் லக் (உலோகத் தொப்பி) வைத்து கிரிம்ப் செய்யாவிட்டால் (அழுத்தி நசுக்கி இறுக்காவிட்டால்) அலுமினியம் நாளடைவில் சூடேறித் தளர்ந்துவிடும்.

மரத்தில் கட்டியதை முதலில் கழற்றிவிடுங்கள். கேபிளை முக்கால் மீட்டர் ஆழத்தில், மேலும் கீழும் மணல் போட்டு, செங்கல் அடுக்கி மூடுங்கள்.

அப்புறம் எர்த். நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எனக்குக் கவலை இதில்தான். கொட்டகைத் தரை எப்போதும் சாணியும் மூத்திரமுமாக ஈரமாக இருக்கும். மாட்டின் முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் இடைவெளி அதிகம். தரையில் கசியும் மின்சாரம் அதன் நெஞ்சு வழியாகவே போகும். மனிதருக்குச் சுரீர் என்பதோடு போவது மாட்டின் உயிரையே எடுத்துவிடும்.

எர்த் குழி மட்டும் போதும் என்று நினைக்காதீர்கள். கோடையில் மண் காய்ந்து எர்த்தின் தடை 10 ஓம் ஆகிவிட்டால், மோட்டார் பாடியில் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) பட்டாலும் 23 ஆம்பியர்தான் ஓடும். 20 ஆம்பியர் எம்.சி.பி. (அளவுக்கு மீறி கரண்ட் போனால் தானே விழும் சுவிட்ச்) அதற்குச் சட்டென்று விழாது. அவ்வளவு நேரமும் பாடியில் கரண்ட் நிற்கும். அதனால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே விழும் சுவிட்ச்) கட்டாயம். கேபிளுக்கான எம்.சி.பி. வீட்டு முனையில், ஆர்.சி.சி.பி. கொட்டகை போர்டில். மாடு கட்டும் இரும்புக் குழாய், தண்ணீர்க் குழாய், கூரைக் கம்பி, மோட்டார் பாடி எல்லாவற்றையும் ஒரே எர்த்தில் இணைத்துவிடுங்கள். அப்போதுதான் எதைத் தொட்டாலும் வோல்டேஜ் வித்தியாசம் இருக்காது.

போர்டு மாட்டின் மூக்கும் கொம்பும் எட்டாத உயரத்தில், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கட்டும். சாணியிலிருந்து வரும் அம்மோனியா செம்பு முனைகளை அரித்துவிடும். எலியும் ஒயரைக் கடிக்கும். கொட்டகைக்குள் ஒயர் முழுவதையும் பி.வி.சி. பைப்பில் கொண்டுபோங்கள்.

பம்ப்செட் சர்வீஸ் வேண்டாம். இலவச விவசாய இணைப்பை அனுமதியில்லாத வேலைக்கு எடுத்தால் அபராதம் வரும். வீட்டு சர்வீஸிலிருந்து எடுப்பதற்கும், கூடுதல் லோடுக்கும் உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வேலையை லைசென்ஸ் உள்ள ஒயர்மேனிடம் கொடுங்கள். முடித்ததும் மெகர் (இன்சுலேஷன் சோதிக்கும் மீட்டர்) வைத்து இன்சுலேஷனையும், எர்த் டெஸ்டர் வைத்துக் குழியையும் உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை நீங்களே அழுத்திப் பாருங்கள்; விழவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள்.