அம்மாவை ஏன் அக்கா வீட்டுக்கு அனுப்பினீர்கள்?

கேள்வி: கடலூரில் பெண்ணையாற்றை ஒட்டிய குண்டு உப்பலவாடியில் எங்கள் வீடு. 1986-ல் அப்பா கட்டியது. மூன்று வருடத்துக்கு முன் அப்பா தவறிவிட்டார். உயில் எதுவும் எழுதவில்லை. எனக்குச் சென்னையில் வேலை. வீட்டை விற்றுவிட்டு முடிச்சூர் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்க உத்தேசம். ஆறு மாதமாக ஆள் வருகிறார்கள், பார்க்கிறார்கள், போனால் போனதுதான். ஃபால்ஸ் சீலிங், மாடுலர் கிச்சன், சிவப்பு சிமெண்ட் தரைக்கு மேல் டைல்ஸ் போட்டால் எட்டு லட்சம் கூடக் கிடைக்கும் என்கிறார் புரோக்கர். செலவு நாலு லட்சம் வரும். சுவருக்கு ஏற்கெனவே பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துவிட்டேன். ஆள் வருகிற நாளில் அம்மாவை நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். இல்லாவிட்டால் வருகிறவர்களிடமெல்லாம் வெள்ளம் வந்த கதையை ஆரம்பித்துவிடுவார். நாலு லட்சம் போடலாமா? வீடு வாங்க வருகிறவர்களுக்கு எதுதான் பிடிக்கிறது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: நாலு லட்சத்தைப் போடாதீர்கள் தம்பி. நீங்கள் கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். கேட்காததற்கு வருகிறேன்.

டைல்ஸுக்கும் சீலிங்குக்கும் ஆறேழு வரி எழுதிய நீங்கள், அம்மாவை ஒரே வரியில் பஸ் ஏற்றிவிட்டீர்கள். பழைய சோபாவை மாடிக்குத் தூக்கிப்போட்ட மாதிரி போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. வீடு விற்காததற்குக் காரணமே அதுதான் என்று நினைக்கிறேன்.

அம்மா என்ன சொல்லிவிடுவார் என்று பயப்படுகிறீர்கள்? ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரை கடந்தது. மேற்கே திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் கொட்டிய மழைக்கு டிசம்பர் 2 விடியற்காலையில் சாத்தனூர் அணையிலிருந்து 1.5 லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீரைத் திறந்தார்கள். அது பெண்ணையாற்றில் இறங்கி உங்கள் ஊருக்குள் புகுந்தது. பேப்பரில் வந்தது, டி.வி.யில் காட்டினார்கள். உங்கள் அம்மா வாயைத் திறந்துதான் உலகத்துக்குத் தெரியவேண்டும் என்றா இருக்கிறது?

வீடு பார்க்க வருகிறவர் எந்த ஊர்க்காரர்? பெரும்பாலும் கடலூர்க்காரர், அல்லது பண்ருட்டி, பாகூர் பக்கத்து ஆள். அவருக்கு 2015-ம் தெரியும், 2021-ல் பெண்ணை கரைபுரண்டதும் தெரியும், 2024-ம் தெரியும். உங்கள் கேட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே முனையில் ஒரு டீ குடித்து, "இந்தத் தெருவுல தண்ணி எதுவரைக்கும்ணே வந்துது?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வருகிறார். வந்தால், வீட்டில் புதுப் பெயிண்ட் வாடை. வருடக்கணக்காகக் குடியிருந்த மனுஷி ஒருத்தர்கூட இல்லை. நீங்களும் புரோக்கரும் சிரித்துக்கொண்டு நிற்கிறீர்கள். தண்ணீரைப் பற்றி ஒருவரும் மூச்சு விடுவதில்லை. தெருவே சொல்வதை வீட்டுக்காரர் சொல்லவில்லையே, இன்னும் என்னென்னத்தை மறைத்திருக்கிறாரோ என்று அவருக்குத் தோன்றாதா? "வீட்ல பேசிட்டுச் சொல்றேன் சார்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு போகிறார். ஆறு மாதமாக நடப்பது இதுதான். தரை சிவப்பாக இருப்பதால் யாரும் ஓடவில்லை.

வாங்க வருகிறவர்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்டீர்கள். வரும் கூட்டத்தைக் கவனித்துப் பாருங்கள். வாங்குகிறவர் பத்திரத்தைக் கேட்பார். கூட வரும் மச்சான் மாடி ஏறி, தளத்தில் எங்கே விரிசல், எங்கே பாசி என்று பார்ப்பார். பெரியம்மாவோ மாமியாரோ ஒருத்தர் நேரே பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்து ஒரு கை தண்ணீரை வாயில் வைத்துப் பார்ப்பார். கடலோரத்தில் வீட்டு விலை அந்த ஒரு வாய்த் தண்ணீரில் இருக்கிறது. மணற்பாங்கில் மேல் தண்ணீர் நன்றாக இருக்கும்; ஆசைப்பட்டு ஆழமாக போர் போட்டு இழுத்தால் உப்பு ஏறிவிடும். உங்கள் வீட்டில் கிணறா, போரா, எத்தனை அடி, சித்திரை வைகாசியில் எப்படி இருக்கும்? உங்களுக்குத் தெரியுமா? அம்மாவுக்குத் தெரியும். வெள்ளத்துக்கு அப்புறம் கிணற்றை எத்தனை தடவை இறைத்தார்கள், பிளீச்சிங் பவுடர் எப்போது போட்டார்கள், எந்த மாதத்திலிருந்து குடிக்க ஆரம்பித்தார்கள் என்பதும் அவருக்குத்தான் தெரியும். மத்தியானம் கடல் காற்று எந்த ஜன்னல் வழியாக வரும், ஐப்பசி மழையில் எந்த மூலை ஒழுகும், எந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் கதவைத் திறப்பார் என்பதெல்லாம் எந்த புரோக்கருக்குத் தெரியும்? இதையெல்லாம் சொல்லக்கூடிய ஒரே ஆளை நெல்லிக்குப்பத்துக்கு அனுப்பிவிட்டு, மாடுலர் கிச்சன் போடலாமா என்று எனக்கு எழுதுகிறீர்கள்.

அந்தக் கிச்சனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், எரிச்சலாக இருக்கிறது. பெரும்பாலும் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை அது. இரண்டு நாள் தண்ணீரில் நின்றால் ஊறி உப்பிப் பிளந்துவிடும். இப்போது இருப்பது கடப்பா மேடையும் கடப்பா அலமாரியும்தானே? வெள்ளம் வடிந்தபின் கழுவித் துடைத்துச் சாமானை அடுக்கியிருப்பார்கள். ஆற்றோர வீட்டில் அதை இடித்துவிட்டுப் பலகை மாட்டச் சொல்கிறவருக்கு அந்த வீட்டில் குடியிருக்கும் கவலை கிடையாது. ஃபால்ஸ் சீலிங்கும் அப்படியே. சுட்டு விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "மேல ஒழுகுதா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

பட்டி பார்த்ததாகச் சொன்னீர்கள். சுவர் முழுசாகக் காய்ந்துவிட்டதா என்று கொத்தனாரை வைத்துப் பார்த்தீர்களா? ஈரம் இழுத்த சுவரைப் பட்டியும் பெயிண்டும் போட்டு அடைத்தால் அது உள்ளேயே கிடந்து, அடுத்த மழைக்கு உப்புப் பூத்து, கொப்பளம் கொப்பளமாக உரிந்து வரும். அப்போது அந்த வீட்டில் யார் இருப்பார்கள்? பி.எஃப். பணத்தையும் மனைவி நகையையும் போட்டு வாங்கிய இன்னொரு குடும்பம் இருக்கும். சொத்து மாற்றுச் சட்டம் என்று 1882-லேயே ஒன்று போட்டிருக்கிறார்கள். வாங்குகிறவர் சாதாரணமாகப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை, விற்கிறவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லியாக வேண்டும் என்கிறது 55-ஆவது பிரிவு. சொல்லாமல் விட்டால் மோசடிக் கணக்கில் வரும். வெள்ளம் ஊரறிந்த விஷயம்தானே என்று உங்கள் வக்கீல் வாதாடலாம். பட்டிக்குள் ஊறிக்கிடக்கும் சுவர் ஊரறிந்த விஷயமா?

சட்டம் என்று வந்தாயிற்று, இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டி, உயில் இல்லாமல் போயிருந்தால், 1956-ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவருடைய மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. அப்பாவைப் பெற்ற பாட்டி இருந்தால் அவருக்கும் உண்டு. பாட்டி இல்லையென்றால், அம்மாவுக்கு மூன்றில் ஒன்று, அக்காவுக்கு மூன்றில் ஒன்று, உங்களுக்கு மூன்றில் ஒன்று. ஆக, மூன்றில் இரண்டு பங்கு நெல்லிக்குப்பத்தில் உட்கார்ந்திருக்க, மூன்றில் ஒரு பங்கு நின்று வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறது! சொத்துக்குச் சொந்தக்காரியை வெளியே அனுப்பிவிட்டுச் சொத்தைக் காட்டும் அதிசயத்தை எங்கே போய்ச் சொல்ல?

கடிதத்தில் "விற்க உத்தேசம்" என்று இருக்கிறது. யாருடைய உத்தேசம்? அம்மாவை உட்காரவைத்துக் கேட்டீர்களா? விற்ற பிறகு அவர் எங்கே இருப்பார் என்று ஒரு வார்த்தைகூட இல்லையே. முடிச்சூர் ஃபிளாட்டில் அவருக்கு ஓர் அறை உண்டா, அல்லது உங்களிடம் ஆறு மாதம், அக்காவிடம் ஆறு மாதம் என்று பெட்டியும் கையுமாக அலைய வேண்டியதுதானா? பிள்ளை இருக்கும்போது தாய் விருந்தாளி மாதிரி வீடு வீடாகப் போவதை நான் நாகரிகம் என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். காலம் மாறிவிட்டது என்று எனக்கு எழுதாதீர்கள். மாறட்டும்.

முடிச்சூர் என்கிறீர்கள். 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது முடிச்சூர் எப்படிக் கிடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் ஃபிளாட் பார்க்கப் போகும்போது அதன் சொந்தக்காரரும் புதுப் பெயிண்ட் அடித்து வைத்திருப்பார். உண்மையைச் சொல்லும் பெரியவர் யாராவது அந்த வீட்டில் இருந்திருந்தால், அன்றைக்கு அவரையும் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அப்போது உங்களுக்குச் சம்மதமா?

செய்யவேண்டியதைச் சொல்கிறேன். முதலில் அம்மாவிடமும் அக்காவிடமும் பேசுங்கள். விற்க மனமில்லை என்று அம்மா சொன்னால் விற்காதீர்கள். அவர் காலம்வரை வீடு இருக்கட்டும், ஃபிளாட்டுக்கு வங்கியில் கடன் வாங்குங்கள். சம்மதம் என்றால், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவையும் வீட்டு வரியையும் மாற்றி, வில்லங்கச் சான்று போட்டு, மூலப்பத்திரத்தோடு ஒரே ஃபைலில் வையுங்கள். எட்டு லட்சம் கூடத் தரும் என்ற டைல்ஸைவிட இந்த ஃபைல் சீக்கிரம் விற்றுத் தரும். வங்கிக் கடனில் வாங்குகிறவர் முதலில் கேட்பதே இதைத்தான். கையில் இருக்கும் பணத்தில் கொஞ்சம் எடுத்து மோட்டாரை மேடை கட்டி ஏற்றுங்கள். பிளக் பாயின்டுகளை எல்லாம் போன தடவை தண்ணீர் நின்ற மட்டத்துக்கு மேலே மாற்றுங்கள். செப்டிக் டேங்க் எதிர்த்து வராமல் குழாயில் வால்வு போடுங்கள். ஈரம் உள்ள இடத்தில் பட்டியைச் சுரண்டி எடுத்துவிட்டு, சுவரை இந்தக் கோடை முழுக்கக் காயவிடுங்கள். சிவப்புத் தரையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தால் போதும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆள் வருகிறார்கள் என்றால் அம்மாவை ஹாலில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள். "இந்தா, இந்தத் தாழ்ப்பாள் வரைக்கும் ஏறிச்சிம்மா, ரெண்டு ராத்திரி மாடியிலதான் இருந்தோம்" என்று அவர் சொல்லட்டும். குறுக்கே பேசாதீர்கள். அதைக் கேட்டுவிட்டு இரண்டு லட்சம் குறைத்துக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். புரோக்கருக்குக் கோபம் வரும். அவரை நெல்லிக்குப்பத்துக்கு அனுப்புங்கள்.