எதிரே வந்தவர் ஏன் கை அசைத்தார்?

கேள்வி: அமெரிக்காவில் நாஷ்வில் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சென்றிருந்தேன். மாப்பிள்ளை பழைய கார்வெட் கார் ஒன்றை வைத்திருக்கிறார். எதிரே அதே வகைக் கார் வந்தால், அதை ஓட்டுபவர் கையை உயர்த்துகிறார், மாப்பிள்ளையும் உயர்த்துகிறார். "தெரிந்தவரா?" என்று கேட்டால் "இல்லை மாமா" என்று சிரிக்கிறார். முன்பின் தெரியாதவருக்கு எதற்காகக் கை அசைக்க வேண்டும்?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: கார்வெட் வைத்திருப்பவர்கள் சாலையில் எதிர்ப்பட்டால் கை உயர்த்திக்கொள்வது அமெரிக்காவில் பல்லாண்டுகளாக இருந்துவரும் வழக்கம், 'கார்வெட் வேவ்' என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. 1953-ஆம் ஆண்டு மிச்சிகன் மாநிலத்தின் ஃபிளின்ட் நகரில் செவ்ரோலே நிறுவனம் இந்தக் காரை முதன்முதலாகத் தயாரித்தபோது, கண்ணாடியிழை உடலும் வெள்ளை நிறமும் சிவப்பு இருக்கைகளும் கொண்ட 300 கார்கள் மட்டுமே வெளிவந்தன. தன்னுடையதைப் போன்ற இன்னொரு காரைப் பார்ப்பதே அபூர்வமாக இருந்ததால், பார்த்தவுடன் கை தன்னால் உயர்ந்தது என்றும், அதுவே வழக்கமாயிற்று என்றும் உரிமையாளர்கள் சொல்லிக்கொள்வார்கள்.

எனக்கு இதில் ஓர் ஐயம் உண்டு. அவ்வளவு பெரிய நாட்டில் முந்நூறு கார்கள் சிதறிக் கிடந்தால், அவற்றில் இரண்டு ஒரே சாலையில் எதிரெதிரே வருவது வாழ்நாளில் ஒருமுறை நடந்தாலே அதிசயம். அதிசயங்களால் வழக்கங்கள் உருவாவதில்லை. 1963-ஆம் ஆண்டில் மட்டும் 21,513 கார்வெட்டுகள் தயாராயின. மாதத்தில் சில முறையாவது எதிரே ஒன்று வரும், ஆனாலும் அது வரும்போது கண் நிலைகுத்தும் என்ற நிலை ஏறத்தாழ அப்போதுதான் வந்திருக்க வேண்டும். வழக்கம் வேரூன்ற அதுவே பொருத்தமான எண்ணிக்கை என்பது என் கணிப்பு. 1979-இல் உற்பத்தி 53,807 ஆக உயர்ந்தது. இன்று இந்தக் கார் தயாராகும் கென்டக்கி மாநிலத்துப் பௌலிங் கிரீன் நகரம், தங்கள் மகள் வீட்டிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத் தொலைவில்தான் இருக்கிறது. கார்வெட்டுக்கென்று 1994-இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் அங்கேயே உள்ளது. அந்த வட்டாரத்தில் விடுமுறை நாளில் வண்டியை எடுத்தால், மாப்பிள்ளை உயர்த்திய கையை இறக்கவே நேரம் இருக்காது.

கேள்வி: கை அசைப்பதற்கு முறை ஏதேனும் உண்டா? யார் முதலில் அசைக்க வேண்டும்?
— வாசகி, திருச்சி

பதில்: எழுதி வைத்த சட்டம் எதுவும் இல்லை. ஜீப் வைத்திருப்பவர்களிடையே மட்டும், புதிய வண்டிக்காரர் பழைய வண்டிக்காரருக்கு முதலில் மரியாதை செய்ய வேண்டும் என்றொரு பாதி விளையாட்டான, பாதி உண்மையான வரிசை உண்டு. மற்றவர்களிடம் முதலில் கண்டவரே முதலில் அசைப்பார்.

முறையைவிடக் கவனிக்க வேண்டியது கை. அமெரிக்காவில் வண்டிகள் சாலையின் வலப்புறம் செல்வதாலும், ஸ்டீயரிங் காரின் இடப்புறம் இருப்பதாலும், ஓட்டுநரின் இடக்கைதான் எதிரே வருபவருக்கு அருகில் இருக்கிறது. கூரை திறந்த காராக இருந்தால் அந்தக் கையை முன்கண்ணாடிக்கு மேலே உயர்த்துவார்கள். மூடிய காராக இருந்தால் உள்ளங்கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுக்காமலே நான்கு விரல்களை மட்டும் நிமிர்த்துவார்கள். கையால் கியர் மாற்ற வேண்டிய பழைய காரில் வலக்கை கியர்த் தண்டுக்குப் போயிருக்கும் நேரத்தில் இடக்கையும் எழுந்துவிட்டால் ஸ்டீயரிங் அநாதையாகிவிடும் என்பதால், வளைவிலும் கியர் மாற்றும்போதும் தலையசைப்பே போதுமானது. பக்கத்தில் அமர்ந்திருக்கும் மாமனார் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

கேள்வி: நாம் அசைத்து, எதிரே வருபவர் அசைக்காமல் போனால் அது அவமதிப்பு அல்லவா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: அல்ல. இருவரும் மணிக்கு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒருவரை ஒருவர் நெருங்கும் வேகம் நூற்றறுபது; காரை அடையாளம் கண்டு, முடிவெடுத்து, கையை உயர்த்துவதற்குள் இரண்டு கார்களும் கடந்துவிடுகின்றன. நிறம் ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால் அவர் அசைத்தது நமக்குத் தெரியாமலும் போகலாம். புதிதாக வாங்கியவருக்கு இப்படியொரு வழக்கம் இருப்பதே தெரிந்திருக்காது. "இப்போது வாங்குகிறவர்கள் கை அசைப்பதில்லை" என்று பழைய உரிமையாளர்கள் அலுத்துக்கொள்வது உண்மைதான். அந்த அலுப்பில் பாதி, தங்கள் காருக்கு இருந்த அபூர்வம் குறைந்துவிட்டதே என்ற வருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. இதற்கு மாறான ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். 1989-இல் அறிமுகமான மாஸ்டா மியாட்டா என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் உற்பத்தி 2016-க்குள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டது, ஆனாலும் அதன் உரிமையாளர்கள் இன்னும் அசைத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1997 வரை வந்த முதல் வகை மியாட்டாவில் முகப்பு விளக்குகள் பானட்டுக்குள் மறைந்திருந்து, தேவைப்படும்போது எழும்பும். அந்த வகைக்காரர்கள் எதிர்ப்பட்டால் விளக்குகளை ஒருமுறை எழுப்பி மடக்கிக்கொள்வதும் உண்டு. பத்து லட்சத்துக்குள் தங்களுக்கென்று ஒரு சிறு கூட்டத்தை அவர்கள் பிரித்துக்கொண்டுவிட்டார்கள்.

கேள்வி: வேலை நிமித்தம் இங்கிலாந்து செல்கிறேன். அங்கே பழைய எம்.ஜி. கார் ஒன்று வாங்க ஆசை. கை அசைப்பதற்குப் பதிலாக விளக்கைச் சிமிட்டலாமா?
— வாசகர், சென்னை

பதில்: சிமிட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். போர்ஷே 356 என்ற ஜெர்மன் ஸ்போர்ட்ஸ் காரை ஓட்டியவர்கள் 1950-களிலேயே விளக்கைச் சிமிட்டித்தான் வணக்கம் சொல்லிக்கொண்டார்கள் என்பார்கள். ஆனால் சென்னையில் பழகிய தங்களுக்கு நான் கையையே பரிந்துரைப்பேன். நம் சாலைகளில் விளக்கைச் சிமிட்டினால் "நான் வருகிறேன், நீ நில்" என்று பொருள். இங்கிலாந்தில் அதையே "நீங்கள் முதலில் போங்கள்" என்று பலர் எடுத்துக்கொள்வார்கள். குறுகிய கிராமச் சாலையில் தாங்கள் வணக்கமாகச் சிமிட்டியதை வழிவிட்டதாகக் கருதி, பக்கவாட்டிலிருந்து ஒருவர் வண்டியைத் திருப்பிவிட்டால், பழைய எம்.ஜி.யின் பம்பர் அதைத் தாங்காது. அந்நாட்டின் நெடுஞ்சாலை விதித்தொகுப்பு, தான் அங்கே இருப்பதை மற்றவர்களுக்குத் தெரிவிப்பதற்கு மட்டுமே விளக்கைச் சிமிட்டலாம் என்று 110-ஆம் விதியில் கூறுகிறது. அங்கே நம் ஊரைப் போலவே ஸ்டீயரிங் வலப்புறம் இருப்பதால், அசைக்க வேண்டியது வலக்கை.

கேள்வி: மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் இது உண்டா?
— வாசகி, மதுரை

பதில்: உண்டு. அமெரிக்காவில் இடக்கையைத் தாழ்த்தி இரண்டு விரல்களைத் தரையை நோக்கி நீட்டுவார்கள். இங்கிலாந்தில் எதிரே வருபவருக்கு அருகில் இருக்கும் வலக்கை ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்திருப்பதால் தலையை மட்டும் அசைப்பார்கள். பிரான்சில், வழிவிட்ட கார்க்காரருக்கு வலக்காலை நீட்டி நன்றி சொல்வார்கள். காலை நீட்டினால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்த நமக்கு அது சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கும்.

கேள்வி: இதெல்லாம் வசதி படைத்தவர்களின் விளையாட்டு. நம் ஊரில் இப்படி ஏதேனும் உண்டா?
— வாசகர், விருத்தாசலம்

பதில்: அடுத்த முறை அரசுப் பேருந்தில் ஏறும்போது ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள இருக்கையில் அமர்ந்து பாருங்கள். எதிரே வரும் பேருந்தின் ஓட்டுநருக்கு அவர் வலக்கையை ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு சாண் உயர்த்துவார், அவரும் உயர்த்துவார். சில சமயம் இரண்டு பேருந்துகளும் சன்னலோடு சன்னலாக நின்று, முன்னால் பரிசோதகர் ஏறியிருக்கிறார் என்றோ, பாலத்தருகே நெரிசல் என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பிரியும். பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிப்பார்கள். அதை இருவருமே காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள்.