வாசகர் கேள்வி-பதில்: கழித்துப் போட்டதில் கிடைத்த வளையம்

கே: எம்.எஸ்சி. புள்ளியியல் படிக்கிறேன். உயிரியல் ஆராய்ச்சிப் பக்கம் போக ஆசை. "அங்கே உனக்கு என்னடி வேலை, அவங்க குடுக்கிற நம்பருக்குச் சராசரி போட்டுக் குடுக்கப் போறியா?" என்று தோழி கேலி செய்கிறாள். என்ன பதில் சொல்வது?
– மாணவி, கோவை

ப: ஜூலியா சால்ஸ்மன் கதையைச் சொல்லிவிடுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். அதே இடத்தில் புள்ளியியலில் பிஎச்.டி. வாங்கியவர், வழிகாட்டி பெர்சி டயகோனிஸ். (அவர் ஒரு தனி ஆள்: 14 வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி ஒரு மேஜிக் நிபுணரோடு ஊர் சுற்றிவிட்டு, பிற்பாடு கணிதத்துக்கு வந்து, சீட்டுக்கட்டை ஏழு முறை கலைத்தால் நன்றாகவே கலந்துவிடும் என்று நிறுவிய இருவரில் ஒருவர்.) சீட்டுக் கலைக்கும் கணக்குப் போட்டவரிடம் படித்தவருக்கு வரிசை கலைந்த சீட்டு மாதிரியே ஒரு விஷயம் மாட்டியதுதான் வேடிக்கை.

பிஎச்.டி.க்குப் பிறகு பேட்ரிக் பிரவுன் என்பவரின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் மரபணுக்கள் எங்கே உடைந்து இடம் மாறி ஒட்டியிருக்கின்றன என்று ஆர்.என்.ஏ.வை (மரபணுவைப் பார்த்து செல் எடுக்கும் நகல்) வைத்துத் தேடினார்கள். ஒரு மரபணுவின் எக்ஸான் என்னும் துண்டுகள் 1, 2, 3, 4 என்ற வரிசையில் கோக்கப்பட்டுத்தான் ஆர்.என்.ஏ. ஆகும். இயந்திரம் அதை முழுசாகப் படிக்காது, நூறு எழுத்து அளவுக்குச் சின்னச் சின்னத் துணுக்காகப் படிக்கும். அப்படிப் படித்ததில் சில துணுக்குகளில் 3-இன் வால் முடிந்ததும் 2-இன் தலை வந்தது. முன்னால் வர வேண்டியது பின்னால். புற்றுநோய்தான் மரபணுவைக் கலைத்துப் போட்டிருக்கிறது என்று நினைக்கலாம், ஆனால் ஆரோக்கியமான செல்லிலும் அதே கலைசல் இருந்தது.

பூச்சரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமாகத் தொங்கும் சரத்தில் மூன்றாவது பூவுக்கு அடுத்து இரண்டாவது பூ எப்படி வரும்? 2-ஐயும் 3-ஐயும் மட்டும் எடுத்து நுனியோடு நுனி முடிந்து வளையமாக்கினால் வரும். அதுதான் நடந்திருந்தது. நூற்றுக்கணக்கான மனித மரபணுக்களில் இந்த வளைய ஆர்.என்.ஏ.தான் பிரதான வடிவம் என்று 2012-இல் ப்ளோஸ் ஒன் இதழில் எழுதினார்கள். சராசரி போட்டுக் கொடுக்கிற வேலையா இது?

கே: அதற்கு முன்னால் ஒருவர் கண்ணிலும் படவில்லையா?
– வாசகர், திருச்சி

ப: பட்டது. 1979-லேயே எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் செல்லுக்குள் வளையங்களைப் பார்த்தார்கள். 1991-இல் வரிசை மாறிய எக்ஸான்களைப் பற்றி எழுதினார்கள், 1993-இல் எலியின் விரைக்குள் ஒரு வளையம். எல்லாம் ஏதோ செல் செய்த பிசகு என்று ஓரம் கட்டப்பட்டது. இன்னொன்று, சாதாரண ஆர்.என்.ஏ.வுக்கு 'ஏ' எழுத்துகளால் ஆன ஒரு வால் உண்டு, ஆய்வகங்களில் பெரும்பாலும் அந்த வாலைப் பிடித்துத்தான் இழுத்து எடுப்பார்கள். வளையத்துக்கு ஏது வால்? கழுவி ஊற்றும் தண்ணீரோடு போய்விடும்.

கே: கருவி தப்பாகப் படித்திருந்தால்? இந்த வளையம் எல்லாமே கணினிக் கற்பனையாக இருக்கலாமே?
– ஆசிரியர் (ஓய்வு), நாகர்கோவில்

ப: சார், சரியான இடத்தில் பிடித்தீர்கள். ஆர்.என்.ஏ.வைப் படிப்பதற்கு முன் ஒரு என்சைம் அதை டி.என்.ஏ.வாக நகல் எடுக்கும், அது பாதியில் ஒரு இழையை விட்டு இன்னொன்றுக்குத் தாவிவிடுவது உண்டு. தாவினால் இல்லாத வளையம் இருப்பது போலத் தெரியும். அப்புறம் எண்ணிக்கைச் சிக்கல்: ஒருவர் நாணயத்தைச் சுண்டிப் பத்து முறையும் தலையே விழுந்தால் வாய் பிளப்போம், ஆனால் மைதானத்தில் 20,000 பேர் சுண்டினால் சுமார் இருபது பேருக்கு அப்படி விழத்தான் செய்யும். மனித உடலில் புரதம் செய்யும் மரபணுக்களும் கிட்டத்தட்ட 20,000.

'இத்தனை துணுக்குக்கு மேல் கிடைத்தால் உண்மை' என்று கோடு கிழிப்பது சுலபம், ஆனால் ஏராளமாக உற்பத்தியாகும் மரபணுவில் தப்பும் ஏராளமாகத்தான் வரும், அது கோட்டைத் தாண்டிவிடும். சால்ஸ்மன் குழு 2015-இல் வெளியிட்ட முறை வெறும் எண்ணிக்கையை நம்பவில்லை. ஒவ்வொரு துணுக்கும் எவ்வளவு சுத்தமாகப் பொருந்துகிறது என்று பார்த்து, அது நிஜமாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதிப்புப் போட்டது. என் கணக்கில் வளையத்தைப் பார்த்ததை விடப் பெரிய வேலை இதுதான்.

கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கு ஆய்வகச் சோதனையும் உண்டு: ஆர்.என்.ஏஸ் ஆர் என்ற என்சைம் இழையை நுனியிலிருந்து தின்னும். நுனியே இல்லாத வளையம் தப்பித்து நிற்கும்.

கே: இதனால் நமக்கு என்ன லாபம்?
– வாசகி, மதுரை

ப: நுனி இல்லாததால் வளையம் சீக்கிரம் அழியாது. அதை நம்பித் தடுப்பூசி செய்து பார்க்கிறார்கள். கொரோனாவுக்கு எதிராக எலியிலும் குரங்கிலும் சோதித்த முடிவுகளைச் சீன ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டார்கள். ஆனால் மெடிக்கல் ஷாப்பில் போய்க் கேட்டுவிடாதீர்கள்.

கே: அந்த அம்மா இப்போது என்ன செய்கிறார்?
– மீண்டும் கோவை மாணவி

ப: வழக்கமாக, கிடைத்த துணுக்குகளை ஏற்கெனவே எழுதி வைத்த மரபணு வரைபடத்தோடு ஒட்டிப் பார்ப்பார்கள், ஒட்டாதது குப்பைக்குப் போகும். 'வரைபடமே வேண்டாம்' என்கிறார் இவர். ஸ்ப்ளாஷ் என்ற முறை, 2023 டிசம்பரில் 'செல்' என்ற ஆய்விதழில் வந்தது. ஒரு குட்டி எழுத்துத் தொடரை எடுத்துக்கொண்டு, அதற்குப் பின்னால் ஒவ்வொரு சாம்பிளிலும் என்ன வருகிறது என்று பார்க்கிறது. எல்லா சாம்பிளிலும் ஒரே மாதிரி வந்தால் விட்டுவிடுகிறது. ஒன்றில் ஒன்று, இன்னொன்றில் வேறு என்று வந்தால், அது தற்செயலா என்று கணக்குப் போடுகிறது. கொரோனா வைரஸின் மாற்றங்கள், ஆக்டோபஸின் உறுப்புக்கு உறுப்பு மாறும் ஆர்.என்.ஏ., கடல்புல்லோடு ஒட்டி வாழும் நுண்பாசி என்று எல்லாவற்றையும் ஒரே முறை பிடித்திருக்கிறது. இந்த மாதிரித் தரவுகள் இணையத்தில் இலவசமாகவே கிடக்கின்றன, நீங்களும் இறக்கிக்கொள்ளலாம். லேப்டாப்பில் இடம் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள்.