வெற்றிக்குப் பிறகு யாரைப் பாடுவது?

சென்ற இதழில், எகிப்திலிருந்து தப்பிய இஸ்ரவேலர் செங்கடலைக் கடந்ததும் மோசேயின் சகோதரி மிரியாம் தம்புரு எடுத்துக் கர்த்தரைப் பாடி ஆடியதைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள்! தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவனிடம் எல்லா மதத்துக் கேள்விகளும் வந்து சேர்ந்திருக்கின்றன. தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

கேள்வி: உழைத்தவன் மனிதன், ஜெயித்தவன் மனிதன். பாட்டு மட்டும் ஏன் கடவுளுக்கு?

இதே கேள்வியைத் தேவர்களிடம் கேட்கிறது கேனோபநிஷத்து. அசுரர்களை வென்ற தேவர்கள், 'இது நம் வெற்றி, நம் பெருமை' என்று இறுமாந்திருக்கிறார்கள். எதிரே ஒரு யட்சம், இன்னதென்று தெரியாத ஓர் அற்புத உருவம், வந்து நிற்கிறது. யாரென்று பார்த்துவர அக்கினி போகிறான். "எதையும் எரிப்பேன்" என்கிறான். யட்சம் ஒரு புல்லை அவன் முன் போட்டு, "இதை எரி" என்கிறது. முழு பலத்தோடு பாய்ந்தும் முடியவில்லை. அடுத்து வாயு போகிறான், அதே புல்லை அவனால் அசைக்கவும் முடியவில்லை. கடைசியில் இந்திரன் போகும்போது யட்சம் மறைந்துவிடுகிறது. அங்கே நின்ற உமைதான் அவனுக்குச் சொல்கிறாள்: அது பிரம்மம், வெற்றியும் அதனுடையது, அதைத்தான் நீங்கள் உங்களுடையது என்று கொண்டாடிக்கொண்டிருக்கிறீர்கள்.

எனக்கும் அப்படி ஒரு புல் உண்டு. பதினைந்து வயதில் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கினேன். மேடையில் நன்றி சொல்லச் சொன்னார்கள். தலைமையாசிரியர், தமிழய்யா, அப்பா, அம்மா என்று வரிசையாகச் சொன்னேன். அந்தப் பேச்சை எனக்கு எழுதிக் கொடுத்த நண்பன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கைதட்டிக்கொண்டிருந்தான். அவன் பெயரை விட்டுவிட்டேன் என்பது மேடையை விட்டு இறங்கிய பிறகுதான் உறைத்தது. அவன் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

கேள்வி: வென்றவரையே பாடினால் என்ன குற்றம்?

குற்றமில்லை, ஆபத்து உண்டு. 'சவுல் கொன்றது ஆயிரம், தாவீது கொன்றது பதினாயிரம்' என்று பெண்கள் பாடியதை இஸ்ரவேலின் ராஜா சவுல் கேட்டான். தாவீது அவனுடைய படைவீரன். அன்று முதல் ராஜாவின் பொறாமையால் தாவீதுக்கு நிம்மதி போயிற்று. ஒரு வரி, ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான்.

கேள்வி: மிரியாமின் பாட்டுதான் மிகப் பழையதா?

எபிரேய வேதத்திலேயே மிகப் பழைய பகுதிகள் என்று ஆய்வாளர் பலர் கருதுபவற்றில் இரண்டு வெற்றிப் பாட்டுகள் உண்டு. ஒன்று யாத்திராகமம் 15-ஆம் அதிகாரத்துக் கடல் பாட்டு. இஸ்ரவேலர் அதில் ஒரு வாளைக்கூட உருவவில்லை. குதிரையையும் குதிரைவீரனையும் கடலில் தள்ளியவர் கர்த்தர், இவர்கள் கரையில் நின்று பாடியவர்கள்.

இன்னொன்று நியாயாதிபதிகள் 5-இல் உள்ள, இஸ்ரவேலரை வழிநடத்திய தெபொராளின் பாட்டு. இதை மாணவர்களுக்கு வாசித்துக் காட்டும்போதெல்லாம் முடிவுக்குச் சற்று முன்னால் என் குரல் இறங்கிவிடும். தோற்றுச் செத்த எதிரிச் சேனாபதி சிசெராவின் தாய் ஜன்னலில் நிற்கிறாள். மகனுடைய ரதம் வர ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்கிறாள். கொள்ளையைப் பங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள் என்று தானே சமாதானமும் சொல்லிக்கொள்கிறாள். பாடியவள் அதை ஏளனமாகத்தான் பாடினாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் வெற்றிப் பாட்டுக்குள் எதிரியின் தாய் வந்து நின்றுவிட்டாள், அவளை வெளியே அனுப்ப முடியவில்லை.

கேள்வி: எதிரி செத்ததற்கு நன்றி சொல்லிப் பாடுவது பக்தியா?

யூதர்களின் வேத விளக்க நூலான தல்மூது இதற்குக் கடுமையாகவே பதில் சொல்கிறது. எகிப்தியர் மூழ்கியபோது வானதூதர்கள் பாட விரும்பினார்களாம். "என் கைப்படைப்புகள் கடலில் மூழ்குகின்றன, நீங்கள் பாட்டுப் பாடுகிறீர்களா?" என்று இறைவன் தடுத்தாராம். எகிப்திலிருந்து விடுதலை பெற்றதைக் கொண்டாடும் பஸ்கா பண்டிகையின் முதல் நாளுக்குப் பிறகு வரும் நாள்களில் 'ஹல்லேல்' துதியை முழுதும் பாடாமல் குறைத்துப் பாடும் வழக்கத்துக்கு இதையே ஒரு காரணமாகச் சொல்வதுண்டு.

குர்ஆனின் 110-ஆவது அத்தியாயம் 'அந்நஸ்ர்' மூன்றே வசனம். அல்லாஹ்வின் உதவியும் வெற்றியும் வந்து, மக்கள் கூட்டம் கூட்டமாக அவன் மார்க்கத்தில் சேர்வதை நீர் கண்டால், உம் இறைவனைப் புகழ்ந்து துதியும், அவனிடம் மன்னிப்பும் கேளும் என்கிறது. ஜெயித்தவனை மன்னிப்புக் கேட்கச் சொல்லும் அந்த இடத்தில் நான் எப்போதும் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

கேள்வி: ஐரோப்பாவில் போரில் வென்றால் 'தெ தேயும்' பாடுவார்கள் என்கிறார்களே?

ஆம், அது பழைய லத்தீன் துதிப்பாட்டு. 1743-இல் டெட்டிங்கன் போரில் பிரிட்டனின் இரண்டாம் ஜார்ஜ் மன்னர் தாமே களத்தில் நின்று வென்றபோது, ஹேண்டல் அதற்குப் புது இசை அமைத்தார். எக்காளமும் முரசும் முழங்கும். வால்டேரின் 'காந்தீது' கதையில் போர் முடிந்ததும் இரு மன்னர்களும் அவரவர் பாசறையில் இதையே பாடச் செய்கிறார்கள். அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

கேள்வி: நம் தமிழில் இவ்வகை உண்டா?

நல்ல வேளை கேட்டீர்கள், இல்லாவிட்டால் என் மனைவியே கேட்டிருப்பாள். போரில் ஆயிரம் யானையை வென்றவனுக்குப் பாடுவது பரணி. கலிங்கத்துப்பரணியில் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வெல்கிறான். பேய்கள் களத்தில் கூழ் அட்டு, காளிக்குப் படைத்து, தாமும் உண்டு, மன்னனை வாழ்த்துகின்றன. இதை நடத்தியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஜெயிச்சது சோழன், புத்தகத்துக்குப் பேரு மட்டும் ஏன் ஐயா கலிங்கம்?" என்றான். தோற்றவர் பெயரால் வழங்குவதே பரணியின் மரபு என்று சொல்லி உட்காரவைத்தேன். மரபுக்குக் காரணம் கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன்.

மாணிக்கவாசகர், சிவன் முப்புரம் எரித்த வெற்றியைப் பெண்கள் உந்தி பறந்து ஆடும் விளையாட்டுப் பாட்டாகவே ஆக்கிவிட்டார். 'வளைந்தது வில்லு விளைந்தது பூசல்' என்று தொடங்கி, அடுத்த பாட்டிலேயே ஓர் அம்புதான் எய்தான், அந்த ஒன்றும் மிகை என்கிறார்.

பெரியாழ்வார் கதை இன்னும் வேடிக்கை. பாண்டியன் அவையில் வாதில் வென்று, யானை மேல் பவனி வருகிறார். காட்சி தரப் பெருமாள் வானில் வந்தால், "எனக்கு இன்னும் என்ன வேண்டும்" என்று கேட்கவில்லை. அழகுக்குக் கண்ணேறு பட்டுவிடுமே என்று பதறி, 'மல்லாண்ட திண்டோள்' உடையவனுக்கே பல்லாண்டு பாடுகிறார்.

கேள்வி: தோற்றவர்கள் பாடிய துதி எங்காவது உண்டா?

உண்டு. திருமங்கையாழ்வாரின் பெரிய திருமொழி, பத்தாம் பத்து, இரண்டாம் திருமொழி. இராவணன் விழுந்த பிறகு மிஞ்சிய அரக்கர்கள் குரங்குப் படையின் முன்னால் ஆடிக்கொண்டே பாடுகிறார்கள். எங்கள் கோன் இரக்கமில்லாமல் செய்த தீமை இப்பிறவியிலேயே எங்களுக்கு வந்து சேர்ந்தது பாருங்கள் என்று தொடங்கி, குரக்கு நாயகர்களையும் இளங்கோவான இலக்குவனையும் இராமபிரானையும் ஒரே மூச்சில் கூப்பிடுகிறார்கள். வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், கால் தானாகத் தாளம் போடும்: 'நாங்கள் அஞ்சினோம் தடம்பொங்கத்தம் பொங்கோ!'