ரெஸ்பான்சிவ் என்ற ஆங்கிலச் சொல்லின் பொருள் என்ன? எங்கே எப்படிப் பயன்படுத்துவது?

அகராதியைப் புரட்டினால் ‘பதிலளிக்கிற’ என்று இருக்கும். தப்பில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டால் பல வாக்கியங்கள் பிடிபடாது. எனக்கு இந்தச் சொல் புரிந்த இடம் ஆஸ்பத்திரி.

அப்பா பக்கவாதம் வந்து ஐசியூவில் இருந்தார். இரண்டாம் நாள் காலை டாக்டர் வந்து, “ஹீ இஸ் ரெஸ்பான்சிவ் நௌ” என்றார். அப்பா பேசிவிட்டார் என்று நினைத்து உள்ளே ஓடினேன். பேச்சே இல்லை. நர்ஸ் அவர் தோளைத் தட்டி, “ஐயா, கண்ணைத் தொறந்து பாருங்க” என்றார். இமை மெல்லப் பிரிந்தது. “என் கையைப் பிடிங்க” என்றதும் இடக்கை விரல்கள் இரண்டு மடங்கின. டாக்டர் சொன்னது அதைத்தான். கூப்பிட்டால், தொட்டால் அசைந்து கொடுக்கிறார்.

இதை அளக்க 1974-இல் டீஸ்டேல், ஜென்னெட் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட கிளாஸ்கோ அளவுகோல் இருக்கிறது. இன்றைய கணக்கில் அதிகபட்சமாகக் கண் திறப்பதற்கு 4, பேச்சுக்கு 5, உடல் அசைவுக்கு 6, ஆக மொத்தம் 15. எதற்குமே அசையாதவருக்கும் ஒவ்வொன்றுக்கும் 1 வீதம் 3 போடுவார்கள், பூஜ்யம் கிடையாது. அதனால் சீட்டில் ‘அன்ரெஸ்பான்சிவ்’ என்று பார்த்தவுடன் உயிர் போய்விட்டது என்று பதறாதீர்கள். தூண்டினாலும் துலங்கல் இல்லை என்பதுதான் அதன் பொருள்.

இப்போது பயன்பாட்டுக்கு வருவோம். எதற்கு அசைகிறது என்று சொல்ல, இந்தச் சொல்லுக்குப் பின்னால் ‘டு’ வரும். நம் ‘-க்கு’ உருபு அங்கே அப்படியே பொருந்தும். ‘தி காஃப் இஸ் ரெஸ்பான்சிவ் டு திஸ் மெடிசின்’ என்பதை நம் வீட்டில் எப்படிச் சொல்வோம்? “இருமல் இந்த மருந்துக்குக் கேக்குது.” கேட்காவிட்டால், “காய்ச்சல் மாத்திரைக்குக் கேக்கல.” காதால் கேட்பதும் சொன்னபடி நடப்பதும் தமிழில் ஒரே வினை. எனக்குத் தெரிந்தவரை இதைவிட நெருக்கமான தமிழ் இந்தச் சொல்லுக்கு இல்லை. மொழிபெயர்ப்பவர்கள் ‘மறுவினை புரியக்கூடிய’ என்று எழுதும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கையில் இருக்கிற சொல்லை ஏன் விட வேண்டும்?

இடத்துக்கு இடம் சாயல் மாறும். மனு கொடுத்தால் உடனே கவனிக்கிற அதிகாரி ரெஸ்பான்சிவ். தொட்ட நொடியில் திறக்கும் செல்போன் திரையும் அப்படித்தான். இணையதளத்தைச் சொன்னால், செல்போனானாலும் கம்ப்யூட்டரானாலும் திரையின் அகலத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்வது. 2010-இல் ஈதன் மார்காட் என்ற வடிவமைப்பாளர் வைத்த பெயர் அது. டெண்டரில் மட்டும் பொருள் கறாராகிவிடும். கேட்ட நிபந்தனை எல்லாவற்றுக்கும் உட்பட்டு வந்த விலைப்புள்ளிதான் ரெஸ்பான்சிவ். முன்வைப்புத் தொகை கட்டாமல் அனுப்பினால் ‘நான்-ரெஸ்பான்சிவ்’ என்று தள்ளிவிடுவார்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

அப்புறம் ஒரு குழப்பம். என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவர் வேலை விண்ணப்பத்தில் ‘ஐ வாஸ் ரெஸ்பான்சிவ் ஃபார் அக்கவுண்ட்ஸ்’ என்று எழுதியிருந்தார். கணக்கு அவர் பொறுப்பில் இருந்தது என்றால் ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’. வாடிக்கையாளர் கேட்டதை உடனுக்குடன் செய்து கொடுத்தார் என்றால் ‘ரெஸ்பான்சிவ் டு கஸ்டமர்ஸ்’. அவர் இரண்டையுமே செய்தவர். அதனால் இரண்டையும் தனித்தனி வரியாக எழுதிக் கொடுத்தேன்.