ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தலாமா?

பெகுவிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் அம்மாவுக்கு 54 வயது. சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். கல்யாணமான நாளிலிருந்து குன்யா, அதாவது சுண்ணாம்பு தடவி மடித்த வெற்றிலைப் பாக்கு, போடுகிற பழக்கம். போன மாதம் பல் துலக்கும்போது நுரையோடு ரத்தம் வந்தது. பயந்துபோய் பிரஷ்ஷை விட்டுவிட்டு, கல் உப்பைப் பொடித்து விரலால் தேய்க்கிறார். கீழே முன்பல் இரண்டு லேசாக ஆடுகிறது. பல்லை கிளீன் பண்ணினால் மற்ற பல்லும் ஆடிவிடும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்கிறார். என்ன செய்யட்டும் டாக்டர்?"

முதலில் அம்மாவை மறுபடி பிரஷ் எடுக்கச் சொல்லுங்கள். நாளைக்கு வேண்டாம், இன்று ராத்திரியே.

பிரஷ் குத்தித்தான் ரத்தம் வருகிறது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நல்ல ஈறு பிரஷ்ஷுக்கெல்லாம் ரத்தம் விடாது. பல்லும் ஈறும் சேருகிற ஓரத்தில் வழுவழுவென்று ஒரு ஊத்தை படியும். அதில் இருப்பது பெரும்பாலும் கிருமிகள்தான். அவற்றை எதிர்க்க உடம்பு அந்த இடத்துக்கு ரத்த ஓட்டத்தைக் கூட்டுகிறது. ஈறு சிவந்து, உப்பி, தொட்டாலே கசிகிறது. பிரஷ்ஷை நிறுத்தினால் ஊத்தை இன்னும் ஏறும், ரத்தமும் கூடும். ஈறு மட்டும் வீங்கியிருக்கும் கட்டத்தில் ஒழுங்காகத் துலக்கி, பல்லில் கல்லாக இறுகிய காரையையும் எடுத்துவிட்டால் ஓரிரு வாரத்தில் ரத்தம் குறைவது கண்ணுக்கே தெரியும். அந்தக் கட்டத்தில் நோய் முழுசாகக் குணமாகும்.

உங்கள் அம்மா விஷயத்தில் எனக்குக் கவலை வேறு. குன்யா போடுகிறவர்களின் வாயில் ஈறு நோய் ஒளிந்துகொள்கிறது. துப்புவதெல்லாம் சிவப்பு, அதில் ரத்தம் எது, பாக்குச் சாறு எது? இங்கே யாங்கோனில் என்னிடம் வந்த ஒரு பெரியம்மா, தலையணை உறையில் தினமும் படிந்த கறையை வெற்றிலைக் கறை என்றே நினைத்திருந்தார். ராத்திரி வாயைக் கொப்பளித்துவிட்டுத்தான் படுப்பார். அப்புறம் கறை எங்கிருந்து வரும்? அது தூக்கத்தில் ஈறிலிருந்து கசிந்த ரத்தம். உங்கள் அம்மாவுக்கு நுரையில் தெரிந்தது ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. நாளை காலையில், முதல் குன்யாவுக்கு முன்னால், ஒரு வெள்ளைத் துணியை ஈறு ஓரமாக ஒற்றிப் பாருங்கள். எங்கெங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும்.

சரி, பல் ஆடுகிற விஷயம். துடைக்காமல் விட்ட ஊத்தை சில நாளிலேயே எச்சிலில் உள்ள சுண்ணச் சத்தை வாங்கிக் கல்லாகிவிடும். அதைத்தான் பல்காரை என்கிறோம். கீழ் முன்பல்லின் உள்பக்கம் நாக்கு நுனியை வைத்துத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனிப் பல்லாக இல்லாமல் ஒரே சுவராகச் சொரசொரப்பாக இருந்தால் அது காரை. எச்சில் சுரக்கும் துளை அங்கேதான் நாக்குக்கு அடியில் இருக்கிறது, அதனால் காரை முதலில் அங்கே ஏறும். வெற்றிலை போடுகிறவர்களுக்குக் கறையும் சேர்ந்து கறுத்துப் போயிருக்கும்.

காரை ஈறுக்கு அடியிலும் இறங்கும். அந்தக் கிருமிகளோடு உடம்பு போடுகிற சண்டையில், பல்லைப் பிடித்திருக்கும் எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. வலி அநேகமாக இருக்காது. நல்ல ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர். கோடு போட்ட மெல்லிய கம்பியால் அளந்து பார்ப்போம். 4, 5 என்று போனால் அங்கே பிரஷ் எட்டாது. 6, 7 வந்தால் எலும்பு நிறையப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு அக்கா பொய் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததைச் சொல்கிறார். எலும்பு கரைந்த பல்லை அந்தக் காரைச் சுவர்தான் பூச்சு பூசிய மாதிரி சேர்த்துப் பிடித்திருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும். வீங்கிய ஈறு வற்றுவதால் பல்லுக்கு நடுவே சந்தும் தெரியும், சில நாள் கூச்சமும் இருக்கும். பல்லை ஆட வைத்தது காரையும் கிருமியும். கிளீனிங் அதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருகிறது, அவ்வளவுதான். இதை முன்கூட்டியே அம்மாவிடம் சொல்லிவிட்டு அழைத்துப் போங்கள், இல்லாவிட்டால் முதல் தடவையோடு நின்றுவிடுவார்.

கரைந்த எலும்பு பெரும்பாலும் திரும்ப வளராது. ஆனால் வீக்கம் வற்றினால் லேசாக ஆடுகிற பல் பல நேரம் இறுகிக்கொள்ளும். தேவைப்பட்டால் பக்கத்துப் பல்லோடு சேர்த்துக் கட்டலாம். லேசாக ஆடுகிறது என்பதற்காக அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம்.

சர்க்கரையை இதோடு சேர்த்தே பார்க்க வேண்டும். சர்க்கரை கூடினால் ஈறு நோய் வேகமாக ஏறும். ஈறில் புண் இருந்துகொண்டே இருந்தால் சர்க்கரையும் எளிதில் கட்டுக்குள் வராது. ஈறுக்கு ஒழுங்காக வைத்தியம் செய்தால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சுமார் 0.4 புள்ளி இறங்குகிறது என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். அது சின்ன விஷயமில்லை. கிளீனிங் போகிற அன்று வெறும் வயிற்றோடு போகக் கூடாது. வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டு காலையிலேயே போகட்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவராக இருந்தால் தானாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இனி குன்யா. தாம்பூலத் தட்டு நம் வீட்டு விசேஷத்தில் இருக்கிறது, இருக்கட்டும். நான் பேசுவது தெருமுனைக் கடையில் பொட்டலமாக வாங்கி நாள் முழுக்கக் கன்னத்தில் அடக்குவதைப் பற்றி. "புகையிலை போடாமல் கட்டித் தரச் சொல்கிறேன், அதனால் ஒன்றும் ஆகாது" என்று நிறையப் பேர் என்னிடம் சொல்கிறார்கள். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், வெறும் பாக்கையும்கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று வகைப்படுத்தியிருக்கிறது. அந்த அறிக்கை 2004-லேயே வந்துவிட்டது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

பாக்கு கன்னத்தின் உள்தோலை நாராக இறுக்கிவிடும். வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும். வீட்டிலேயே பார்க்கலாம்: அம்மாவை வாயை நன்றாகத் திறக்கச் சொல்லி, அவருடைய மூன்று விரலை நெட்டாக அடுக்கி முன்பல்லுக்கு நடுவே வைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போக வேண்டும். இரண்டுதான் போகிறது, காரம் பட்டாலே எரிகிறது, கன்னம் வெளுத்து விறைப்பாக இருக்கிறது என்றால் தாமதிக்காதீர்கள். தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆகியும் ஆறாத புண், திடீரென்று ஒரே ஒரு பல் ஆடுவது, இவையும் அப்படித்தான். ஈறைக் காட்ட வந்தவரின் கன்னத்தையும் நாக்கின் ஓரத்தையும் பார்க்காமல் அனுப்ப எனக்கு மனசு வராது. உங்கள் டாக்டர் பார்க்காவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

வீட்டில் சுருட்டுப் பிடிக்கிற அப்பாவோ மாமாவோ இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள். புகை பிடிப்பவர்களுக்கு நோய் முற்றியிருந்தாலும் ஈறில் ரத்தம் குறைவாகத்தான் வரும். "எனக்கு ரத்தமே வராது" என்று அவர்கள் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள்.

துலக்குவது எப்படி என்று கேட்பீர்கள். மென்மையான நார் உள்ள பிரஷ், ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் போதும். பிரஷ்ஷைச் சாய்த்து, நாரின் நுனி பாதி பல்லிலும் பாதி ஈறு ஓரத்திலும் படும்படி வைத்து, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்க வேண்டும். தரை தேய்க்கிற மாதிரி இழுத்தால் ஈறு மேலேறி வேர் தெரியும். காலையில் 2 நிமிஷம், படுக்கும் முன் 2 நிமிஷம். ராத்திரித் துலக்கல் முக்கியம், தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைந்துவிடும். கல் உப்பு, கரித்தூள், செங்கல் பொடி எதுவும் வேண்டாம், பல்லை அராவிவிடும். உப்பு பிடிக்குமென்றால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை டீஸ்பூன் கரைத்துக் கொப்பளிக்கட்டும், ஈறுக்கு இதமாக இருக்கும். ஆனால் அது பிரஷ்ஷுக்கு ஈடாகாது.

அப்புறம் பல்லிடுக்கு. லப்பெ, அதாவது ஊறவைத்த தேயிலைக் கலவை, சாப்பிட்டால் எள்ளும் பருப்பும் எங்கே போய் உட்காருகின்றன என்று பாருங்கள், ஈறு நோய் தொடங்குவதும் அநேகமாக அங்கேதான். உங்கள் அம்மாவுக்கு இடுக்கு அகன்றிருக்கும், அதனால் நூலைவிட, புட்டி கழுவும் பிரஷ் போலக் குட்டியாக இருக்கும் இடுக்கு பிரஷ்தான் வசதி. தினம் ஒரு தடவை, ராத்திரியில். அளவு பல் டாக்டரே பார்த்துச் சொல்வார்.

முதல் மூன்று நாலு நாள் ரத்தம் வரத்தான் செய்யும், பயந்து மறுபடி விட்டுவிட வேண்டாம். கீழ்ப்பல் ஆடத் தொடங்கிவிட்டதால் கிளீனிங்கைத் தள்ளிப்போட முடியாது, இந்த மாதமே போங்கள். ஒரு தடவையில் முடியாது. ஈறுக்கு அடியில் சுத்தம் செய்ய இரண்டு மூன்று முறை வரச் சொல்வார்கள், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். யாங்கோனுக்கு வர முடிந்தால் பல் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஈறுக்கென்று தனியாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். நடுவில் முகம் வீங்கினாலோ, காய்ச்சலோடு ஈறில் சீழ் வைத்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே போய்விடுங்கள்.