ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா வாங்கும் முன்

வணக்கம் ஐயா. பிளஸ் டூ முடித்த மகள் போட்டோகிராபிதான் படிப்பேன், ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பதாக எழுதியிருந்தீர்கள். அவள் காட்டிய விருதுச் செய்தி உண்மைதான். போட்டோகிராபிக்காக ஸ்வீடனில் 1980 முதல் கொடுத்துவரும் ஹாசல்பிளாட் விருது 2022-ல் தில்லியைச் சேர்ந்த போட்டோகிராபர் தயானிதா சிங்குக்குக் கிடைத்தது. பரிசு 20 லட்சம் குரோனர் (ஸ்வீடன் நாணயம்). ஆனால் அந்தத் தொகையை நடுவில் வைத்து அப்பாவும் மகளும் மல்லுக்கட்டாதீர்கள். அவருடைய முதல் புத்தகம் வந்தது 1986-ல். விருதுக்கும் அதற்கும் நடுவில் 36 வருஷம்!

அவர் படித்தது அகமதாபாத் என்ஐடியில் (தேசிய டிசைன் கல்லூரி), விஷுவல் கம்யூனிகேஷன். நம் ஊர்க் கல்லூரிகளில் 'விஸ்காம்' என்கிறார்களே, அதே பெயர்தான். மாணவியாக இருந்தபோது தபேலா கலைஞர் ஜாகிர் உசேனோடு ஆறு குளிர்காலம் கச்சேரி கச்சேரியாகச் சுற்றினார். அப்போது எடுத்த படங்கள்தான் முதல் புத்தகம்.

உங்கள் மகளுக்கு நான் சொல்ல நினைப்பது இன்னொரு சம்பவம். 1989-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக, தில்லியில் மோனா அகமது என்ற திருநங்கையைப் படமெடுத்தார். லண்டனில் அச்சாகும் என்று தெரிந்ததும் மோனா பதறிவிட்டார்; அங்கே அவருக்குச் சொந்தக்காரர்கள் உண்டு. தயானிதா ஃபிலிம் ரோலை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அந்த நட்பு 2017-ல் மோனா இறக்கும்வரை நீடித்தது. 2001-ல் மோனாவின் படங்களும் மோனாவே எழுதிய மின்னஞ்சல்களும் சேர்ந்து புத்தகமாயின.

கேமராவைவிட எதிரே இருக்கும் ஆள்தான் இந்த வேலையில் முக்கியம். அதனால் ஒன்றரை லட்சத்துக்குக் கேமரா இப்போது வேண்டாம். பழைய கேமரா ஒன்று, 50 எம்எம் லென்ஸ் ஒன்று போதும். தெருவில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்காவோ, தையல்காரரோ, யாராவது ஒருவரை மூன்று மாதம் தொடர்ந்து எடுக்கட்டும். முதல் வாரம் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு அடங்கி, அவர்கள் தம் வேலையைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் இவள் அங்கே போய் உட்காருகிறாளா என்று கவனியுங்கள். பத்தே நாளில் அலுத்துப்போனால், அவளுக்குப் பிடித்தது கேமராதான், இந்த வேலை இல்லை.

அலுக்கவில்லை என்றால் வழி இருக்கிறது. மூன்று வருஷம் விஸ்காம், பிறகு என்ஐடியின் காந்திநகர் வளாகத்தில் போட்டோகிராபி டிசைனில் முதுநிலைப் படிப்பு. அதற்கு நுழைவுத் தேர்வு உண்டு. நடுவில் கைச்செலவுக்குக் கல்யாண ஆர்டர்களுக்கு உதவியாளாகப் போகட்டும். ஆல்பம் வேலையை அவள் மட்டமாகப் பேசினால் நான் உங்கள் கட்சி. மண்டபத்தில் அழுகிற அத்தையைச் சங்கடப்படுத்தாமல் படமெடுக்கத் தெரிந்துகொள்வதும் படிப்புதான்.

மூன்று மாதம் கழித்து அவளே தேர்ந்தெடுத்த 20 படங்களோடு இருவரும் வாருங்கள். கல்லூரி விண்ணப்பத்தை அன்றைக்கே உட்கார்ந்து பார்த்துவிடலாம்.